பதினாறு வீடுகள், ஒரு மன்னிப்பு

“அவங்க வீட்லயே மன்னிச்சுட்டாங்களே சார், அப்புறம் மத்தவங்களுக்கு என்ன?”

கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ் தினமும் ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டித்தான் போகிறதாம். 1991-ல் அவர் பிறக்கவே இல்லை. ராஜீவ் கொலை என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் செல்போனில் வந்த விடுதலைச் செய்திகளும், அவற்றுக்குக் கீழே நடந்த சண்டைகளும்தான். கேள்வி நியாயமானது. ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை என்பதால் இன்னொரு டீயும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலில், நடந்தது என்ன? 1991 மே 21. தேர்தல் பிரசாரக் கூட்டத்துக்காக ராஜீவ் காந்தி இரவு பத்து மணிக்கு மேல்தான் ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்ந்தார். 10.20 வாக்கில், சந்தன மாலையோடு நின்ற தணு என்ற பெண் அவர் காலில் விழுவதுபோலக் குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தார். ராஜீவோடு 15 பேர் இறந்தார்கள். அதில் 9 பேர் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள். 43 பேருக்குக் காயம். தணுவும், படம் எடுப்பதற்காக அழைத்து வரப்பட்டிருந்த ஹரிபாபுவும் அதே இடத்தில் செத்தார்கள். ஹரிபாபுவின் கேமரா மட்டும் சேதமில்லாமல் கிடைத்தது. அதிலிருந்த படங்களைப் பிடித்துக்கொண்டுதான் புலனாய்வே நகர்ந்தது.

கொலைகாரர்கள் தரப்பை விட்டுவிட்டால், இழவு விழுந்தது பதினாறு வீடுகளில். தம்பிக்கு அதில் ஒரு வீடுதான் தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அந்த ஒரு வீடு என்ன செய்தது என்பதைப் பார்ப்போம். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள், 19 பேர் விடுதலை. நளினிக்குச் சிறையிலேயே பிறந்த ஒரு பெண் குழந்தை இருந்தது. அவரைத் தூக்கிலிட வேண்டாம் என்று சோனியா காந்தி கேட்டுக்கொண்டார். 2000 ஏப்ரலில், அன்றைய தமிழக அமைச்சரவையின் பரிந்துரையை ஏற்று ஆளுநர் ஃபாத்திமா பீவி நளினியின் தூக்கை ஆயுளாகக் குறைத்தார்.

2008 மார்ச் 19. பிரியங்கா காந்தி யாருக்கும் சொல்லாமல் வேலூர் பெண்கள் சிறைக்குப் போய் நளினியைப் பார்த்தார். செய்தியாளர் கிடையாது, கேமரா கிடையாது. விஷயம் அடுத்த மாதம்தான் வெளியே வந்தது. அப்போது அவர் சொன்ன விளக்கம் சுருக்கமானது: இது முழுக்க என் சொந்த முடிவு, நான் அனுபவித்த வன்முறையோடும் இழப்போடும் சமாதானம் ஆவதற்கு நான் தேடிக்கொண்ட வழி. அந்தச் சந்திப்பில் பிரியங்கா அழுததாக, விடுதலைக்குப் பிறகு நளினி சொன்னார். 2018 மார்ச்சில் சிங்கப்பூரில் ராகுல் காந்தி பேசும்போது, பல வருடம் கோபமாக இருந்தோம், பிறகு எப்படியோ முழுசாக மன்னித்துவிட்டோம் என்றார். விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் உடலைத் தொலைக்காட்சியில் காட்டியபோது அவருடைய பிள்ளைகளை நினைத்து வருத்தம் வந்தது என்றும் சொன்னார்.

“அதைத்தான் சார் நானும் சொல்றேன். அவங்களே சொல்லிட்டாங்க” என்றார் தம்பி.

அவங்க அவங்களுக்காகச் சொன்னாங்க தம்பி. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் உனக்குக் கொடுத்த கடனை நான் வேண்டாம் என்று விடலாம். எதிர்வீட்டுக்காரர் கொடுத்த கடனையும் சேர்த்து நான் தள்ளுபடி செய்ய முடியுமா? மீதிப் பதினைந்து வீடுகளின் கணக்கு வேறு. அந்தப் போலீஸ்காரர்கள் மேடை ஏறப் போனவர்கள் இல்லை, டியூட்டிக்குப் போனவர்கள். 2014-ல் ஏழு பேரையும் விடுவிக்கப் போவதாகத் தமிழக அரசு அறிவித்ததும், குண்டுவெடிப்பில் இறந்த சிலரின் குடும்பத்தார் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2019-ல், அந்த மனு தள்ளுபடியானது. அன்றிரவு காயம்பட்டு, உடம்பில் குண்டுச் சிதறல்களோடே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண் போலீஸ் அதிகாரி, விடுதலையைக் கடைசிவரை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

இவர்களெல்லாம் மனசு கல்லானவர்களா? பிரியங்காவுக்கு இருந்த பெருந்தன்மை இவர்களுக்கு இல்லையா? அப்படி ஒப்பிடுவதே தப்பு. பெரிய வீட்டுத் துக்கத்துக்கு நாடே வந்து நின்றது, நினைவிடம் எழுந்தது, ஆண்டுதோறும் மே 21-ல் மாலை விழுகிறது. மற்ற வீடுகளின் துக்கம் அந்தந்த வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தோடு நின்றுவிட்டது. அவர்களிடம் முதலில் யாராவது “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டிருந்தால், பிறகு “மன்னிச்சுட்டீங்களா?” என்று கேட்க ஒரு முகாந்திரம் இருந்திருக்கும். ஒரே வீட்டுக்குள்ளேயே அம்மா ஒன்று நினைப்பார், மகன் வேறு நினைப்பான். அதனால் மன்னிப்பில் பிரதிநிதித்துவம் கிடையாது என்பதை முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயம் சட்டம். மன்னித்துவிட்டார்கள், அதனால் விட்டுவிட்டார்கள் என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நடக்கவே இல்லை. நம் சட்டத்தில் கொலை என்பது இரண்டு குடும்பங்களுக்கு நடுவே உள்ள விவகாரம் கிடையாது. அரசுக்கு எதிரான குற்றம். சின்ன அடிதடி வழக்கில் இரு தரப்பும் சமாதானமாகப் போகலாம். கொலை வழக்கில் செத்தவரின் மனைவியே வந்து “விட்டுடுங்க” என்றாலும் வழக்கு நின்றுவிடாது.

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களுக்கு வேறு முறை தெரிந்திருக்கும். சவுதியில் ஒரு சிறுவன் இறந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற கோழிக்கோட்டு ஓட்டுநர் ஒருவருக்காக 2024-ல் மக்களிடம் 34 கோடி ரூபாய் திரட்டினார்கள். சிறுவனின் குடும்பம் இழப்பீட்டுக்குச் சம்மதித்ததால் மரண தண்டனை ரத்தானது. அங்கே குடும்பத்தின் மன்னிப்புக்கு நேரடிச் சட்ட மதிப்பு உண்டு. அது நல்லதா? கேட்டால் தலை சுற்றும். குடும்பத்துக்கு அதிகாரம் கிடைக்கிறது, சரி. கூடவே ஊரும் உறவும் கொடுக்கிற அழுத்தமும் அந்தக் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. பணம் இருப்பவனுக்கு ஒரு வழி, இல்லாதவனுக்கு ஒரு வழி என்றும் ஆகிறது.

நம்மூரில் என்ன நடந்தது என்பதைத் தேதியோடு பார்த்தால் தெளிவாகும். மீதி மூவரின் கருணை மனுக்கள் 2000-ல் குடியரசுத் தலைவரிடம் போனவை, 11 ஆண்டுகள் கிடந்தன. 2011-ல் நிராகரிக்கப்பட்டன. அப்போது மத்தியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. ஒரு கைதிக்காகக் கருணை கேட்டவர் தலைவராக இருந்த கட்சியின் அரசே மற்ற மூவருக்குக் கருணை இல்லை என்றது. செப்டம்பர் 9-ஆம் தேதி தூக்கு என்று நாள் குறித்துவிட்டார்கள். அந்த ஆகஸ்ட் 28-ல் மூவரின் உயிரைக் காக்கச் சொல்லி காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். ஆகஸ்ட் 30-ல் சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை கொடுத்தது. 2014 பிப்ரவரி 18-ல் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு மூவரின் தூக்கையும் ஆயுளாக்கியது. சொன்ன காரணம், கருணை மனுமீது முடிவெடுக்க அரசு எடுத்துக்கொண்ட அளவுக்கு மீறிய காலதாமதம்.

2018-ல் தமிழக அமைச்சரவை ஏழு பேரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் அது வருடக்கணக்கில் தூங்கியது. கடைசியில் 2022 மே 18-ல் பேரறிவாளனையும், நவம்பர் 11-ல் மற்ற ஆறு பேரையும் உச்ச நீதிமன்றமே தன் தனி அதிகாரத்தைக் கொண்டு விடுவித்தது. சிறையில் கழித்த காலம், நன்னடத்தை, அங்கே படித்த படிப்பு, ஆளுநர் அமைச்சரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்ற சட்ட நிலை, இவைதான் காரணங்கள். மொத்தக் கதையிலும் யாருடைய மன்னிப்பும் சிறைக் கதவைத் திறக்கவில்லை. ராகுல் மன்னித்துவிட்டதாகச் சொன்ன பிறகும் காங்கிரஸ் கட்சி இந்த விடுதலையை ஏற்க முடியாது என்றே சொன்னது. வீட்டின் மனசு வேறு, கட்சியின் நிலைப்பாடு வேறு, அரசின் வேலை வேறு. மூன்றையும் ஒன்றாகக் கலக்கிப் பேசியதால்தான் முப்பது வருடமாக இந்தச் சண்டை ஓயவில்லை.

“அப்போ பிரியங்கா போய்ப் பார்த்ததுக்கு என்ன பிரயோஜனம் சார்? தண்டனை குறையாதுன்னா எதுக்கு மன்னிக்கணும்?”

இதே கேள்விக்கு ஒடிசாவில் ஒரு பதில் இருக்கிறது. 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. மூத்தவனுக்கு வயது 10, இளையவனுக்கு 6. மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். வழக்கை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. சட்டம் அதன் வழியில் போகட்டும் என்று விட்டுவிட்டார். குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த அமர்விலும் இருந்தவர் நீதிபதி சதாசிவம். கிளாடிஸ் பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளிகளுக்கான வேலையைச் சில வருடம் தொடர்ந்து பார்த்தார். அவருடைய மன்னிப்பால் தாரா சிங்குக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஆனால் தினமும் காலையில் எழுந்து அந்த ஊரிலேயே வேலை பார்க்கிற தெம்பு கிளாடிஸுக்கு அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பிரியங்கா வேலூருக்குப் போனதும் அப்படித்தான். தன் மனப் பாரத்தை இறக்கி வைக்கப் போனார்.

சரி, அடுத்தது இன்னும் கஷ்டமான கேள்வி. மன்னிப்பது யாரை?

குண்டை வெடிக்க வைத்த தணு அங்கேயே செத்தார். ஊரூராக ஆட்களைச் சேர்த்துத் திட்டத்தை நடத்திய சிவராசனும் சுபாவும் 1991 ஆகஸ்டில் பெங்களூரு கோணனகுண்டேயில் போலீஸ் சுற்றி வளைத்தபோது செத்தார்கள். உத்தரவு போட்ட பிரபாகரனும் புலிகளின் உளவுத் தலைவர் பொட்டு அம்மானும் தலைமறைவுக் குற்றவாளிகளாகவே வழக்கில் இருந்தார்கள். ஆக, முப்பது வருடம் நம் கோபத்துக்கும் கருணைக்கும் முன்னால் நின்றவர்கள் இரண்டாவது, மூன்றாவது வட்டத்து ஆட்கள்.

அவர்களில் ஒருவர் நான் தப்பே செய்யவில்லை என்றால் என்ன செய்வது? பேரறிவாளனைப் பிடித்தபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார், அவைதான் குண்டில் பயன்பட்டன என்பது குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-ல், பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். தாய் அற்புதம்மாள் ஊர் ஊராக அலைந்து கேட்டது நீதி. “மன்னித்துவிட்டோம்” என்று அவரிடம் போய்ச் சொன்னால், “என்ன தப்புக்கு?” என்றுதான் திருப்பிக் கேட்பார். குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த இடத்தில்தான் மன்னிப்புக்கே பொருள் உண்டு. அதே வழக்கில் தண்டனை கொடுத்த நீதிபதிகளில் ஒருவரான கே.டி. தாமஸ், 2017-ல் சோனியாவுக்குக் கடிதம் எழுதி இவர்கள் விஷயத்தில் பெருந்தன்மை காட்டும்படி கேட்டார்.

வருத்தம் தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவித்தார்களா? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் பிரபாகரன் இதை ஒரு துன்பியல் சம்பவம் என்றார். அதற்கு மேல் பேச விரும்பவில்லை. 2006-ல் புலிகளின் ஆலோசகர் அன்டன் பாலசிங்கம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, பழையதை விட்டு முன்னே போகலாம் என்று இந்தியாவிடம் கேட்டார். யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று வாய் திறந்து ஒப்புக்கொள்ளாத வருத்தம் அது. இழந்தவர்களுக்கு அது போதவில்லை.

இதே அளவுகோலை மறுபக்கமும் வைக்க வேண்டும். 1987 அக்டோபர் 21-ல் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள், ராஜீவ் அரசு இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப் படை நுழைந்து சுட்டதில் டாக்டர்கள், தாதியர், நோயாளிகள் என்று பலர் செத்தார்கள். அந்த வீடுகளும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூருக்கு அது சமாதானம் ஆகாது. ஸ்ரீபெரும்புதூரைக் காட்டி அதை மூடவும் முடியாது. ஈழத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரக் கொட்டகைகளில் பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்தார்கள். 2020-ல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் தரலாம் என்றார். தாய்மார்கள் வேண்டாம் என்றார்கள். பிள்ளையை யார் கூட்டிப்போனது, என்ன செய்தது என்று தெரியாமல் எந்த முகத்தைப் பார்த்து மன்னிப்பது?

தென்னாப்பிரிக்கா இதை முறையாகச் செய்ய முயன்றது. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் அமைத்தார்கள். அரசியல் காரணத்துக்காகச் செய்த கொடுமையை முழுசாக ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்பு. உலகமே பாராட்டியது. ஆனால் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பைகோவின் குடும்பம் அந்தச் சட்டத்தையே எதிர்த்து 1996-ல் நீதிமன்றம் போனது. வழக்கு தோற்றது. பிறகு பைகோவைக் கொன்ற போலீஸ்காரர்கள் உண்மையைச் சொல்லவில்லை என்று ஆணையமே 1999-ல் அவர்களுக்கு மன்னிப்பு மறுத்தது. நாடு சேர்ந்து மன்னித்த இடத்திலும், எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு குடும்பத்துக்கு உரிமை இருந்தது.

“மன்னிக்கலேன்னா பழிவாங்கறதுதானே சார் மிச்சம்?” தம்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

இல்லை தம்பி. பழிவாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதே ரயில் பாதையில், திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரில் ஒரு கதை இருக்கிறது. நீலி கதை. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி வந்த பெண், பழியைத் தீர்த்துக்கொண்டாள். அவளை நம்பி, அவனுக்கு உயிர்ப் பிணையாக வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள், வாக்கைக் காப்பாற்றத் தீயில் இறங்கினார்கள். கொன்றவன் ஒருவன்; செத்தது அவனோடு எழுபது பேர். ஸ்ரீபெரும்புதூரிலும் குறி வைத்தது ஒருவருக்கு. கூடச் செத்தது பதினைந்து பேர்.

மன்னிப்புக்கும் பழிக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகலாம். உண்மையைச் சொல் என்று கேட்கலாம். விடுதலையை எதிர்த்து மனுப் போடலாம். கோபத்தைக் கோபமாகவே வைத்துக்கொண்டு, யார் மேலும் கை வைக்காமல் வாழ்ந்து முடிக்கலாம். அந்தப் பெண் போலீஸ் அதிகாரி செய்தது அதைத்தான். அது குறைந்த வாழ்க்கை இல்லை.

விடுதலை வந்தபோது நாம் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். பேரறிவாளனின் விடுதலைத் தீர்ப்பு வந்த அன்று முதலமைச்சர் அவரைக் கட்டித் தழுவிய படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. மறுநாள் காங்கிரஸ்காரர்கள் வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். 31 வருடம் சிறையில் கழித்தவரின் தாய்க்கு அந்தத் தழுவல் நியாயமாகத் தெரிந்திருக்கும். மே 21-ல் அப்பாவை இழந்த ஒரு போலீஸ்காரரின் பிள்ளை அதே படத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? சிறைக் கதவைத் திறப்பது சட்டம் செய்கிற வேலை. அதைச் சத்தமில்லாமல் செய்திருக்கலாம். விடுதலையும்தான் என்ன பெரிய விடுதலை? இலங்கைக்காரர்கள் நால்வரை நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாயைப் பார்க்க ஊர் திரும்பக் காத்திருந்த சாந்தன், 2024 பிப்ரவரி 28-ல் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இறந்தார்.

தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் பகுதியிலும் வெட்டுக்குத்து நடக்கிறது, சாதிக் கொலை நடக்கிறது. மூன்றாம் நாளே யாராவது மைக்கை நீட்டி, “மன்னிப்பீங்களா?” என்று கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து, “நடந்தது நடந்துபோச்சு, விட்டுடுங்க” என்கிறார்கள். அந்த இரண்டு கூட்டத்திலும் சேராதீர்கள். சாட்சி சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள், கோர்ட்டுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமானால் போங்கள், நஷ்டஈட்டு மனு எழுதத் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பதை அந்த வீடு தன் காலத்தில் பார்த்துக்கொள்ளும். வழக்கு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.